இடப்பக்கப் பின்சீட்டு

ஜனவரி 3, புதன்

மில்லில் புது டைரி கொடுத்தார்கள். வருஷா வருஷம் கொடுப்பதுதான். வண்டி ஓடிய தூரம், டயர் காற்று, சர்வீஸ் தேதி இதையெல்லாம் எழுதி வைப்பேன். இந்தத் தடவை தாள் வழவழவென்று இருக்கிறது, கூட இரண்டு வரி எழுதினால்தான் என்ன என்று தோன்றியது. மயிலாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்பத்தெட்டு வயசுல கதை எழுதறீங்களாக்கும்" என்றாள். என் வீட்டுக்காரி. எதைச் செய்தாலும் அவளிடம் ஒரு நக்கல் ரெடியாக இருக்கும்.

பெயர் மருதாசலம். கோயமுத்தூரில் மில் முதலாளி வெங்கடபதி ஐயாவுக்கு முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இந்த முப்பது வருஷத்தில் மூன்று வண்டி. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். அந்தக் கம்பெனி செய்கிற கார்களிலேயே பெரியது, விலை கூடியது. இதற்கு மேல் கிடையாது என்று சொல்லித்தான் மூன்று தடவையும் விற்றார்கள்.

ஓட்டம் 61,240. நாலு டயரும் சரி.

ஜனவரி 11, வியாழன்

பீளமேட்டில் ஒரு கல்யாணம். முன்பெல்லாம் எங்கள் வண்டி மூக்கை நீட்டினாலே கேட்டில் நிற்பவன் ஓடி வந்து வாசலுக்கு நேராக இடம் விடுவான். இன்றைக்கு வாசல் முழுக்க உசரமான வண்டிகள், லாரிப்பேட்டை மாதிரி. எங்களைக் கையைக் காட்டிச் சமையல்கட்டுப் பக்கம் போகச் சொன்னான். கேஸ் சிலிண்டர் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "டாக்ஸியெல்லாம் அங்கதானுங்ணா" என்று வேறு சொல்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இறங்கி ஒரு அறை விட்டிருப்பேன். ஐயா பின்னால் இருந்தார். கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எப்போதுமே அப்படித்தான். வண்டிக்குள் பேச மாட்டார்.

திரும்பும்போது மண்டப வாசல் வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசியது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

சர்வீஸுக்கு விட்டேன். அங்கே இருக்கும் அட்வைசர், டை கட்டிய ஆள், என்னிடம் ரகசியம் சொல்வது போலச் சொன்னார்: ஊரில் போன வருஷம் இந்த மாடல் மொத்தமே இரண்டுதான் விற்றுப் போயிருக்கிறதாம். மற்றவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்கிற வண்டிதான் கேட்கிறார்களாம், குனிந்து உட்கார்கிற வண்டி யாருக்கும் வேண்டாமாம். சின்னவரும் அதையேதான் சொல்கிறார். நிதின், ஐயாவின் ஒரே மகன். அவர் வாயில் இதற்குப் பெயர் தாத்தா வண்டி.

குற்றம் ஜனங்கள் மேல் இல்லை, கம்பெனிக்காரன் மேல்தான் என்பேன். முதல் வண்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பானெட் எங்கே முடிகிறது என்று தெரியும். இரண்டாவது வண்டியை நாலு நாள் தேய்த்த சோப்பு மாதிரி ஆக்கினான். மூன்றாவது வண்டியின் முகப்பில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வாயைப் பிளந்து வைத்திருக்கிறான். பின்னாலிருந்து பார்த்தால் அதே கம்பெனியின் குட்டி வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே எங்கு பார்த்தாலும் டிவி. ஏசியைக் குறைக்கக்கூட விரலால் நோண்ட வேண்டும். கைப்பிடிகளைக் கதவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். பேரூர் கோயில் வாசலில் ஐயாவின் சொந்தக்காரர் ஒருத்தர் கதவைத் தடவிக்கொண்டே நின்றார், பாவம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்சீட்டில் கை வைத்ததுதான் தாங்கவில்லை.

ஐயா இடப்பக்கம் பின்னால்தான் உட்காருவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். கண்ணாடியில் ரோட்டைப் பார், என் முகத்தைப் பார்க்காதே. வேண்டியதை நான் தட்டிச் சொல்லுவேன். விரலில் கனத்த மோதிரம் ஒன்று உண்டு. முன்சீட்டின் முதுகில் அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். முப்பது வருஷத்தில் எங்களுக்குள் இதுதான் பாஷை. இந்தப் புது வண்டியிலோ, பெரியவர் காலை நீட்டிப் படுக்க வேண்டுமென்று பட்டனை அமுக்கினால் முன்சீட்டு மடிந்து டேஷ்போர்டோடு ஒட்டிக்கொள்கிறது. கைக்கு எட்டாது. அதற்குப் பதிலாகக் கையகல டேப்லெட் ஒன்று கொடுத்திருக்கிறான், அதில் தொட்டால் எனக்கு முன்னால் எழுத்து வருமாம். ஐயா அதை முதல் நாளே சீட்டுப் பையில் போட்டுவிட்டார். கதவில் ஒட்டியிருக்கும் மரத்தில் தட்டுகிறார். அதுவும் நிஜ மரம் இல்லை, மேலே சும்மா ஒரு தோல். டொக் டொக் என்று வெற்றுப் பெட்டி மாதிரி கேட்கும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஐயா போய்விட்டார். உடுமலை மில்லுக்குப் போகிற வழியில், வண்டியிலேயே.

பிப்ரவரி 8, வியாழன்

நேற்று எல்லாம் முடிந்தது. ஆயிரம் பேராவது வந்திருப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினோம். சுந்தராபுரம் தாண்டும்போது சீட்டைச் சாய்த்துக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மில் வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தால் இறங்கவில்லை.

உடுமலை டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். பொள்ளாச்சியிலேயே காட்டியிருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டுச் சின்னவர்தான், தூங்குகிறவரை யார் என்ன செய்ய முடியும் என்று எனக்காகப் பேசினார். என் தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதே கிடையாது.

பிப்ரவரி 12, திங்கள்

சின்னவர் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். வாங்க வருகிறவன் இப்போதே குறைத்துக் கேட்கிறான், இன்னும் ஆறு மாசம் போனால் கேட்க ஆள் இருக்காது என்றார். ஹாலில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை. கிருஷ்ணவேணி அம்மா, ஐயாவின் வீட்டுக்காரம்மா, ஒருநாளும் குரலை உசத்தியவர் இல்லை. இன்றைக்கும் உசத்தவில்லை. "அவர் உசிரு போன எடம் அது. நிம்மதியாப் போயிருக்காரு. நான் இருக்கற வரைக்கும் வண்டியும் இருக்கட்டும், மருதாசலமும் இருக்கட்டும்" என்றார்.

வேலை தப்பியது. சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா போர்டிகோவுக்கு வந்து என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று. தூங்கிக்கொண்டிருந்தாருங்கம்மா என்றேன்.

பிப்ரவரி 21, புதன்

பதினாறாம் நாள் காரியம். பந்தலில் சேர் போட்டேன், ஐயரைக் கூட்டி வந்தேன், திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வண்டியை இரண்டு தடவை துடைத்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அம்மா தினமும் பத்து மணிக்கு வெளியே கிளம்புகிறார். போக்கிடம் ஒன்றும் இல்லை. சில நாள் கோயில், சில நாள் சும்மா ஒரு சுற்று. ஐயா இருந்தவரை வலப்பக்கம் உட்காருவார், இப்போது இடப்பக்கம். முன்சீட்டை மடிக்கச் சொல்கிறார். சின்ன உடம்பு, கால் தொங்குகிறது. ஆனாலும் அங்கேதான்.

இன்றைக்கும் கேட்டார். அவர் ஏதாச்சும் கேட்டாருங்களா, தண்ணி கிண்ணி. இல்லீங்கம்மா என்றேன். தினமும் இதே கேள்விதான், வேறு வேறு மாதிரி வருகிறது.

மயிலாத்தாளுக்கு ஒரே சந்தோஷம். அம்மா அவளைக் கூப்பிட்டு இரண்டு பட்டுச்சேலை கொடுத்திருக்கிறார், இனிமேல் கலர் எனக்கெதற்கு என்று. உங்க வீட்டுக்காரர் கையில அவர் போனது எனக்கு ஒரு ஆறுதல் என்றும் சொன்னாராம். இவள் அதைத் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

மார்ச் 4, திங்கள்

ஐயா போன அன்றைக்குக் காலையில் நடந்ததை எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஐயா போர்டிகோவில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். வரும் மாசத்தோடு வண்டியைக் கொடுத்துவிடுகிறோம், நிதின் உசரமான வண்டி எடுக்கிறான், அவனே ஓட்டிக்கொள்வான். உனக்கு மில் கேட்டில் வாட்ச்மேன் வேலை போடச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்தே இருக்கலாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னார். சரீங்கய்யா என்றேன். கதவைத் திறந்து விட்டேன். ஏறினார்.

முப்பது வருஷம். கேட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுப் போடு என்கிறார்.

கிணத்துக்கடவு பாலத்துக்கிட்டே பின்னால் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ரோட்டுச் சத்தமாக இருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

ரோட்டுச் சத்தம் என்று நேற்று எழுதியிருக்கிறேன். அந்த வண்டிக்குள் ரோட்டுச் சத்தம் கேட்காது. கண்ணாடி இரட்டைக் கண்ணாடி. உள்ளே கடுகு விழுந்தால் கேட்கும். அதைப் பெருமையாக நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

டொக் டொக் என்று கேட்டது. இரண்டு. இரண்டு என்றால் நிறுத்த வேண்டும்.

நிறுத்தவில்லை.

கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. முப்பது வருஷப் பழக்கம். அதைத் திரும்ப அமுக்கினேன். வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று இருந்தது. மருதாசலம், நிறுத்து. இரண்டு வார்த்தை. வேலையை விட்டுப் போ என்று சொல்ல வாய் இருந்ததே, இதற்கு இல்லையா? டிரைவர் என்றால் தட்டினால் ஓடுகிற மாடா?

கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு. அது மெதுவாக இருந்தது. பொள்ளாச்சிக்கு முன்னால் ஒன்றே ஒன்று. ஒன்று என்றால் மெதுவாகப் போ. வேகத்தைக் கூட்டினேன். பெரிய பெரிய ஆஸ்பத்திரி போர்டெல்லாம் ரோட்டு ஓரத்தில் வந்தது. அதைத் தாண்டித்தான் போனேன். அதற்கப்புறம் சத்தம் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மார்ச் 7, வியாழன்

சோறு இறங்கவில்லை. மயிலாத்தாள் ரசம் வைத்துக் கொடுத்தாள். ஓட்டம் 62,015.

மார்ச் 13, புதன்

சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் போனேன். அம்மா வருவதற்கு முன்னால் போர்டிகோவில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வந்தார். கூடவே அவருடைய தங்கையும் வந்திருந்தார், சென்னைக்காரர். அம்மா என்னைக் காட்டி, "இவருதான் கூட இருந்தாரு. பெத்த பிள்ளை கூட அப்படிப் பாத்திருக்க மாட்டான்" என்றார். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்ய.

சொன்னால் வேலை போகும். அது மட்டுமா? போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் தினமும் பத்து மணிக்கு அந்தக் கேள்வி. அம்மாவுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அவர் தூங்கிக்கொண்டே போனது. அதையும் பிடுங்கிவிட்டு, என் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைப்பது நியாயமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இப்படியெல்லாம் கேட்டுக்கொள்வதே சொல்லாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மார்ச் 18, திங்கள்

டயர் ஒன்றில் காற்று இறங்குகிறது. பஞ்சர் இல்லை என்கிறான் டயர் கடைக்காரன். இந்த சைஸ் டயர் ஊரில் எங்கும் ஸ்டாக் இல்லையாம், வரவழைக்க வேண்டுமாம்.

மார்ச் 20, புதன்

இன்றைக்கு அம்மா உடுமலை ரோட்டில் போகச் சொன்னார். மில்லுக்கா என்றேன். இல்லை, சும்மா, அவர் போன வழியில் போ என்றார். கிணத்துக்கடவு பாலம் இறங்கியதும் ஓரமாக ஒரு இளநீர்க் கடை. அங்கே நிறுத்தினேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. இளநீர் வாங்கித் தரட்டுமா என்று கேட்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.

கண்ணாடியைப் பார்க்காமல், திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஐயா தூங்கலீங்கம்மா. இந்த எடத்துல என்னத் தட்டினாருங்க. நிறுத்தறதுக்கு. எனக்குக் கேட்டுச்சுங்க. நான் நிறுத்தலீங்க." காலையில் போர்டிகோவில் நடந்ததையும் சொன்னேன். மூன்று தடவை தட்டியதையும் சொன்னேன். பொள்ளாச்சியில் வேகத்தைக் கூட்டியதையும் சொல்லிவிட்டேன். எதையும் விடவில்லை.

அம்மா அழவில்லை. இளநீர்க்காரன் கத்தியோடு வந்து கண்ணாடியைத் தட்டி, எத்தனைங்க என்றான். வேண்டாமென்று கையைக் காட்டி அனுப்பினேன்.

அப்புறம் கைப்பையைத் திறக்கிற சத்தம். "தெரியுங்க மருதாசலம்" என்றார்.

திரும்பினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். போனை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று பார்த்து, அவரே திரும்ப வாங்கிப் படித்தார். அன்றைக்கு எட்டே முக்காலுக்கு ஐயா அம்மாவுக்கு அனுப்பிய மெசேஜ்.

"நெஞ்சு கரிக்குது. மருதாசலத்தைத் தட்டிப் பாத்தேன், நிறுத்தல. கோவத்துல இருக்கான். காலைல வேலை இல்லைன்னு சொல்லிட்டு இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன நிறுத்துன்னு சொல்றது. எறங்கினதும் பேசிக்கறேன். நீ அவன ஒண்ணும் கேக்காதே."

இதைக் கேட்ட பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ஹாரன் அமுங்கி ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா சொன்னார், "படிச்சதும் நான் சிரிச்சேன் மருதாசலம். ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பசங்களாட்டம் மொறச்சுக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். அடுப்புல பருப்பு வெச்சிருந்தேன். போனக் கீழ வெச்சுட்டு அதப் பாக்கப் போயிட்டேன். உங்க நம்பர் எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க."

நிறுத்தியிருப்பேன். அம்மா சொல்லியிருந்தால் கட்டாயம் நிறுத்தியிருப்பேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"நாப்பத்தி மூணு நாளா உங்களக் கேட்டுட்டே இருக்கேன். நீங்க சொன்னீங்கன்னா நானும் யாருகிட்டயாவது சொல்லலாம்னு. நிதினுக்கு இதக் காட்டலீங்க. காட்டவும் மாட்டேன்." போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "போலாம், வண்டியத் திருப்புங்க."

வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் மறுபடி பேசினார். வண்டியை நிதின் கொடுத்துவிடட்டும், நீங்களும் இனிமேல் வர வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு வீட்ல மயிலாத்தா இருக்கா. அவகிட்டச் சொல்லி அழுங்க. எனக்கு நீங்க ஒருத்தருதான் இருந்தீங்க, சொல்லியாச்சு" என்றார். கதவை நான் திறந்து விடுவதற்குள் அவரே இறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 21, வியாழன்

வீட்டில்தான் இருந்தேன். மயிலாத்தாள் கேட்டதற்கு, வண்டி சர்வீஸ் போயிருக்கிறது என்றேன்.

மார்ச் 29, வெள்ளி

சின்னவர் போன் செய்து, வண்டி பார்க்க ஆள் வருகிறான், நீங்கள்தான் காட்ட வேண்டும் என்றார். போனேன். ஈரோட்டுக்காரர். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற தொழில். மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே பூ ஜோடிக்க இந்த மாதிரித் தாழ்ந்த வண்டிதான் தோதாம். இந்த வண்டியை இனிமேல் அதற்குத்தான் கேட்கிறார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். இடப்பக்கம் பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டி, பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். டேப்லெட்டை எடுத்து அது என்னவென்று கேட்டார், சொன்னேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார். ஓடும்போது உள்ளே சத்தம் கித்தம் ஏதாவது வருமா?

"ஒரு சத்தமும் வராதுங்க" என்றேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறி வந்தேன். மயிலாத்தாள் அந்தப் பட்டுச்சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு சொந்தத்தில் ஒரு சீருக்குக் கிளம்பி நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.